முயல்குட்டிக்கு நான் அண்ணன்

ஆன்லைன் கேமில் நான் முறுக்கு மீசை மல்லன். அங்கே என் நெருங்கிய தோழன் ஒரு ரோஸ் கலர் முயல்குட்டி. வார்த்தைக்கு வார்த்தை என்னை அண்ணே என்பான்.

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, "குட்டி, இன்னா பண்றே?" என்று அவனுக்கு மெசேஜ் போட்டேன்.

முன்சீட்டில் எங்கள் சூப்பர்வைசரின் போன் அடித்தது. திரையில் ரோஸ் கலர் முயல்!

அசெம்பிளி லைனில் எங்களைக் கடித்துக் குதறுகிற மனிதர், சிரித்துக்கொண்டே டைப் செய்தார். பதில் என் போனுக்கு வந்தது.

"டூட்டிக்குப் போய்கினு கீறேன் அண்ணே. எங்க லைன்ல ஒருத்தன் டீ பிரேக் போனா திரும்பியே வர மாட்றான். ரிப்போர்ட் பண்ணிடலாம்னு பாக்கறேன்."

அந்த ஒருத்தன் நான்தான்.

நிஜத்தில் மீசையே இல்லாத நான், அண்ணன் தோரணையில் அடித்தேன்: "வுட்டுடு குட்டி. பாவம்."

"நீங்க சொன்னா சரி அண்ணே."

ஒரகடத்தில் கம்பெனி வாசலில் இறங்கும்போது என்னைப் பார்த்து வழக்கம்போல முறைத்தார்.

நான்தான் அண்ணன் என்று இப்போதே சொல்லிவிடட்டுமா? இல்லை, டீ குடித்துவிட்டு வந்து சொல்லட்டுமா?