நாற்பத்தொன்றாவது பெயர்

ஒரே புத்தகத்தை எண்பத்தேழு முறை வாங்கிய மனிதரை எதில் சேர்ப்பது என்று பழைய புத்தகக் கடைக்காரருக்கே குழப்பம். மேஜர் ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு எழுதிய போர் வரலாறுகள் மொத்தம் மூன்று. இவருக்கு வேண்டியது அதில் ஒன்றுதான், ஆற்றுப் பாலத்தைக் காத்த படைப்பிரிவின் கதை. சனிக்கிழமை தவறாமல் முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறி வருவார். அட்டை கிழிந்திருந்தாலும் கரையான் அரித்திருந்தாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். கடைக்காரர் அவருக்கு 'மிலிட்டரி' என்று பட்டம் கட்டியிருந்தார். மிலிட்டரியோ துப்பாக்கியைத் தொட்டே பார்த்ததில்லை. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூப் பார்த்த மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறப்பார். பாலத்தில் உயிர்விட்டவர்களின் பட்டியல் அது. அதன் அடியில் மெல்லிய பேனாவால், அச்சில் வார்த்ததுபோல, அந்தப் படைப்பிரிவின் சமையல்காரர் ஒருவரின் பெயரை எழுதுவார். மை காய ஊதிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். ஒருமுறை இருபது பிரதிகளை நூலகத்துக்குச் சுமந்துபோனார். பேனாவால் கிறுக்கிய புத்தகங்களை நாங்கள் எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னும் எத்தனைதான் இருக்கு?" என்று அன்று மனைவி கேட்டாள்.

"மொத்தம் ஐந்நூறு அடிச்சோம்."

"அப்ப கட்டிலைத் தூக்கி வெளியில போட்டுட வேண்டியதுதான். புத்தகம் உள்ள படுத்துக்கட்டும்."

அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மேஜர் கொடுத்த பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள். கடைசிப் பெயர் மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்து, அச்சுக்குப் பக்கம் கட்டும்போது விடுபட்டுவிட்டது. பட்டியல் என்றால் படிப்பதோடு விடக் கூடாது, எண்ண வேண்டும். தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. அவர் எண்ணவில்லை. காய்ச்சல், வீட்டில் சண்டை என்று ஒரு சாக்கும் கிடையாது. சாப்பிட்டு வந்த மதியம், அலுப்பு, பக்கம் பார்க்கச் சுத்தமாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. புத்தகம் வந்த மூன்றாம் மாதம், சமையல்காரரின் அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். தம்பி பெயர் இதில் இல்லையே என்று கேட்டார். இவர் உள்ளே போய் மேஜர் கொடுத்த தட்டச்சுப் பிரதியைப் புரட்டினார். நாற்பத்தொன்றாவதாகப் பெயர் பளிச்சென்று இருந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் திரும்பி வந்து, வாய் கூசாமல், எழுதியவர் கொடுத்ததைத்தான் அச்சடித்தோம் என்றார். அந்த அம்மாள் புத்தகத்தை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார். இருபது வருடமாகியும் அந்த முதுகு அவருக்கு மறக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை கடைக்காரர் எண்பத்தெட்டாவது பிரதியை எடுத்து வைத்திருந்தார். ஒரு வீட்டைக் காலிசெய்தபோது வந்ததாம், அந்த வீட்டு அம்மாள் போன மாதம் தவறிவிட்டாராம். பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு கடிதம் விழுந்தது. மேஜர் எழுதியது.

'அம்மா, உங்கள் தம்பியின் பெயரை விட்டது என் மறதி. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாயில்லை.'

மிலிட்டரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயரை எழுதிக்கொடுத்த மனிதரே எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருவேளை தானே மறந்துவிட்டதாக இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாரோ? அக்காவிடம் சொல்ல இனி வழியில்லை. மேஜராவது உயிரோடு இருக்க வேண்டுமே என்று, கடிதத்தில் இருந்த முகவரிக்கு அப்படியே புறப்பட்டார்.

நல்லவேளை, மேஜர் இருந்தார். கைத்தடியை ஊன்றியபடி அவரே கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லியும் இவர் உட்காரவில்லை.

"அது உங்க மறதி இல்ல சார். விட்டது நான். அந்த அம்மாகிட்ட உங்க மேல பழியைப் போட்டதும் நான்தான்."

மேஜர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்தார். "தெரியும். நான் எழுதின நோட்டு இன்னும் பெட்டியிலதான் இருக்கு. அதுல அவன் பேரு இருக்கு."

"அப்புறம் ஏன் சார் ஒத்துக்கிட்டீங்க?"

"அச்சகத்துத் தப்புன்னு எழுதத்தான் உக்காந்தேன். முடியல. நாப்பத்தொரு பேரை அந்தப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனவன் நான். ஆளைத் திருப்பிக் கொண்டுவராதவன், பேரை விட்டது நான் இல்லைன்னு அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது. மேஜர் மெதுவாக உள்ளே போய்த் தன் சொந்தப் பிரதியை எடுத்துவந்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். பட்டியலுக்கு அடியில் வெள்ளையாக இருந்தது.

"என் கை நடுங்குது. நீங்க எழுதுங்க."

இவர் எழுதினார். மை காய ஊதினார். மூடப்போனபோது மேஜர் பக்கத்தின் மேல் கையை வைத்தார்.

"எண்ணிட்டு மூடுங்க."

முதல் பெயரில் விரலை வைத்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினார். விரல் நாற்பத்தொன்றில் வந்து நின்றது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.