இடது பக்கத்து பிரேக்

போன வாரம் ஸ்கூட்டருக்குப் பெயிண்ட் அடிக்கலாமென்று பெரம்பலூரில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். தின்னர் வாசனை பட்டால் எனக்கு முதலில் தும்மல் வரும், பிறகு பழைய நினைப்பெல்லாம் வரும். தும்மி முடித்து நிமிர்ந்தால், எதிரே எலும்பும் தோலுமாக ஓர் அம்பாசடர். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஓர் இளைஞரும் மெக்கானிக்கும் அதன் தரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவருக்கு இந்தாண்ட, கால் வைக்கிற எடத்துல ரெண்டு ஓட்டை. எதுக்குன்னே தெரியலண்ணே," என்றார் இளைஞர்.

எனக்குத் தெரியும். அந்த ஓட்டைகளுக்கு மேல்தான் மூன்று வருடம் என் கால்கள் இருந்தன. அப்போது நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நிறுத்த, என் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. அரியலூர் ரோட்டில் எதிரே சிமெண்ட் லாரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பேன். பேருக்குத்தான் மாஸ்டர், பயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இளைஞரின் பெயர் ரபீக். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயிலிருந்து லீவில் வந்தவர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, வைத்திருந்த வண்டி இது. அவர் இறந்தபின் விற்றுப்போய், வேப்பந்தட்டையில் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்ததைத் தேடிப் பிடித்திருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் முதலில் ஓர் அரியலூர் டாக்டர், அடுத்து எங்கள் ஸ்கூல், மூன்றாவது அத்தா.

"வசதியான மனுஷன், போயும் போயும் ஸ்கூல் வண்டிய ஏன் வாங்குனாருன்னுதான் புரியல. அவருக்கு ஓட்டவும் தெரியாதாம். டிரைவர் யாருன்னும் தெரியல."

"ஒங்க அம்மாதான் தம்பி."

ரபீக் என்னையே பார்த்தார். அவருக்கு இரண்டு வயதிலேயே அத்தா போய்விட்டாராம். அந்தம்மா என்னிடம் கற்றுக்கொண்ட நாட்களில் கணவர் பின்சீட்டில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்பார். லைசென்ஸ் வந்த மறுநாளே வண்டியை விலை பேச வந்தார். "அந்த ரெண்டாவது பிரேக்க மட்டும் கழட்டிடாதீங்க மாஸ்டர். நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்." அன்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

ரபீக்கின் கண் கலங்கிவிட்டது. "அத்தா கால் வெச்ச எடம். திரும்ப பிரேக் மாட்டிடலாம்ண்ணே," என்றவர், உடனே அம்மாவுக்கு போன் போட்டார்.

"வண்டி ஓட்டுவீங்கன்னு ஏம்மா சொல்லவேயில்ல?"

"நீ எங்க கேட்ட?" ஸ்பீக்கரில் அதே கணீர்க் குரல். "அந்த பிரேக்க மாட்டுனா நான் ஏறவே மாட்டேன், சொல்லிட்டேன். டாப் கியர்ல கை வெச்சாலே ஒங்க அத்தா மிதிச்சிடுவாங்க. திருச்சி வரைக்கும் மூணாவது கியர்லயேதான் போவேன். ஒரு தடவையாவது டாப்புல போவணும். அடைச்சிரச் சொல்லு."

மெக்கானிக் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஸ்கூல் இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. மாஸ்டர் என்று கூப்பிடவும் ஆளில்லை. அடுத்த மாதம் வண்டி தயாரானதும் அந்தம்மா டாப் கியரில் திருச்சிக்குப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து பயப்படத்தான் அவருடைய கணவர் இல்லை.