அஸ்கரின் ஐந்தாவது அட்டை

ஹோல்பெக் ஊருக்கு மேற்கே சிறு பண்ணை, நான்கு பசுக்கள், பெர்லெ என்ற ஒரு பெண் குதிரை. அஸ்கர் போண்டேயின் சொத்து இவ்வளவுதான். பெர்லெயின் உடம்பு வெள்ளை. மை தெளித்த தாள் போல மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள்.

நூற்று நாற்பது வருடங்களுக்கு முன், ஸ்பானிய அதிகாரி ஒருவர் விட்டுப்போன புள்ளிப் பெண் குதிரை ஒரு கசாப்புக்காரரின் வண்டியை இழுத்தது. அங்கிருந்து க்நாப்ஸ்ட்ரப் பண்ணைக்குப் போய், ஃப்ரெடெரிக்ஸ்போர்க் இனத்து மஞ்சள் நிற ஆண் குதிரையோடு சேர்ந்தது. அந்தக் கலப்பில் வந்ததுதான் பெர்லெயின் இனம். பிறகு புள்ளிக்கு ஆசைப்பட்டு உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து இனத்தை மெலிய வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்த வட்டாரத்தில் மிஞ்சியவை சில. பெர்லெயின் வழியில் பெர்லெ மட்டும்தான்.

குட்டி பிறந்த அன்றே ஓர் அட்டையில் அதை வரைந்து, புள்ளிகளைக் குறித்து, குதிரை வளர்ப்போர் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புவது அஸ்கரின் வழக்கம். புள்ளி இருந்தால்தான் வம்சப் பதிவேட்டில் இடம். பெர்லெ நான்கு குட்டிகள் போட்டாள். நான்கும் வெறும் பழுப்பு, நான்கும் ஆண். நான்கையும் காயடித்துத்தான் விற்றார். புள்ளியில்லாத ரத்தம் பரவக்கூடாது என்பதில் அவர் கறார்.

1951 மே 14 அன்று ஐந்தாவது பிறந்தது. பெர்லெக்கு வயது இருபத்திரண்டு. இனி ஈனமாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதுவும் ஆண், அதுவும் பழுப்பு. புள்ளி பின்னால் வருமென்றால் குளம்பில் கோடும் கண்ணைச் சுற்றி வெள்ளையும் முன்பே காட்டிக்கொடுக்கும். அஸ்கர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். 'அடையாளம் இல்லை' என்று எழுதினார்.

ஆறு வாரம் கழித்து அவர் மனைவி கூட்ரூன் கொட்டகையிலிருந்து கூப்பிட்டாள்.

"அஸ்கர், இங்க வந்து பாரு. குட்டியோட குளம்புல கோடு கோடா இருக்கு, அதோட அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே."

"சேறா இருக்கும்."

"பத்து நாளா மழையே இல்ல. சேறு எங்கேருந்து வரும்?"

"பொறந்த அன்னிக்கே பார்த்து எழுதியாச்சு. நெனச்சப்பல்லாம் மாத்தினா அதுக்குப் பேரு பதிவா?"

"அட்டையப் பார்த்தது போதும், ஒரு தடவ குதிரையப் பாரேன்!"

அவர் போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் பால் வண்டிக்கார வில்லாட்ஸ் குட்டியைக் கேட்டு வந்தான். அவன் கலுண்ட்போருக்குக் குடிபோகிறவன்.

"காயடிச்சுத்தான் தருவேன்" என்றார் அஸ்கர்.

"அடிச்சுக்க. வண்டி இழுக்கிறவனுக்கு மாப்பிள்ளை வேஷமா போடப் போறேன்?"

ஏப்ரல் 9 அன்று மருத்துவர் வந்தார். அஸ்கரே முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தார்.

மறு வருடம் பெர்லெ செத்தாள். 1956 செப்டம்பரில் ஹோல்பெக் குதிரைச் சந்தைக்கு அஸ்கர் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனார். தூரத்திலேயே அந்தக் குதிரையைக் கண்டு நின்றுவிட்டார். முதுகும் இடுப்பும் உறைபனி விழுந்ததுபோல் வெளுத்து, நடுவே பழுப்புப் புள்ளிகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். நான்கு குளம்பிலும் செங்குத்துக் கோடுகள்.

"என்ன அஸ்கர், உன் வீட்டுப் பையனையே தெரியலையா?" வில்லாட்ஸ் சிரித்தான். "மூணு வயசுலயே நரைக்க ஆரம்பிச்சுட்டான். உன்னையே மிஞ்சிட்டான் போ!"

அஸ்கர் குனிந்து வயிற்றின் கீழே பார்த்தார்.

"அங்க என்னத்தத் தேடுற? கயிறு பிடிச்சதே நீதானே."

பிறந்த குட்டியின் குளம்பை வெளுத்த மெத்தென்ற படலம் மூடியிருக்கும், அது தேய்ந்த பிறகுதான் கோடு தெரியும் என்பது அஸ்கர் அறியாததல்ல. முப்பது வருடமாக அறிந்ததுதான்.

வீட்டில் ஐந்தாவது அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கூட்ரூன் காப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"புள்ளி போடுறியா? இனிமே யாருக்கு அனுப்பப் போற?"

அவர் பென்சிலை எடுத்தார். சந்தையில் இடப்பக்கம் முப்பத்தேழு எண்ணியிருந்தார். வலப்பக்கத்தை எண்ணுவதற்குள் வில்லாட்ஸ் குதிரையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். முப்பத்தேழையும் அதனதன் இடத்தில் வைத்தார். வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அடியில் 'காயடித்தது, 9 ஏப்ரல் 1952' என்று எழுதினார்.