நீல டிராமின் பாட்டில் எங்கள் கைதட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை சிவம் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணை, இருந்துகொண்டு கேளுங்கோ. பிர்கிட் மோசம்போயிட்டாவாம். டென்மார்க் ரேடியோவிலை பாட்டைப் போட்டுச் சொன்னவங்களாம்."

"எந்தப் பாட்டு?"

"வேறை எது? எங்கடை பாட்டுத்தான்."

பிர்கிட் இறந்துவிட்டார் என்றதும் கண் கலங்கியது. ஆனால் தொலைபேசியை வைக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். பிர்கிட்டை நினைத்தால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் அகதி விடுதியில் என்னோடும் சிவத்தோடும் இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுதப் பழகியது போன மாரிக் குளிரில்தான். ஒரு பக்கம் முடிய ஒரு பகல் போகிறது. போகட்டும், இதை நானே எழுத வேண்டும்.

நாங்கள் வந்த மறுவருடம், விடுதிக்குப் பின்னால் இருந்த இளைஞர் மண்டபத்துக்கு ஒரு பழைய வான் வண்டி வந்தது. டென்மார்க் இசைக்குழு. 'நீல டிராம்' என்று பெயர். மொத்தம் இரண்டே பேர். நீல்ஸ் சிந்தசைசர் வாசித்துக்கொண்டு பாடுவார். பிர்கிட் என்ற பெண் பேஸ் கிற்றார் வாசிப்பார். மேளத்துக்கு ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார்கள். அந்த மூன்றும் சேர்ந்தால், நிற்கிறவனுக்கும் கால் தானாக ஆடும்.

பின்னேரம் பிர்கிட் எங்கள் சமையலறைக்கு வந்து, சிவத்தோடு ஆங்கிலத்தில் பேசினார். அன்றிரவு நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து இசைத்தட்டுக் கொம்பனிக்காரர் ஒருவர் கேட்க வருகிறார். அவருக்கும் பிடிக்காவிட்டால் நீல்ஸ் தகப்பனுடைய மீன்பிடி வள்ளத்துக்குத் திரும்பிவிடுவார். குழு அன்றோடு முடிந்துவிடும்.

"எத்தினை பேர் வேணுமாம்?" என்று கேட்டேன்.

"இருக்கிற எல்லாரும் வரட்டாம். காசு வேண்டாமாம்."

சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தோம். அவர் சாப்பிடும்போது, எங்கள் ஊரில் ஒரு கலைஞரை எப்படி மதிப்போம் என்று சிவம் விளக்கினான். பொன்னாடை போர்த்துவோம், அவர் இரண்டு கையையும் கூப்பி வாங்கிக்கொள்வார் என்றான். பிர்கிட் போய் நீல்ஸுக்கும் அதைச் சொல்லிவைத்தார்.

அது நின்று ஆடும் மண்டபம் என்பது எங்களுக்குத் தெரியாது. விடுதிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்கு முன்னால் வரிசையாகப் போட்டு இருந்தோம். என்ன விசேஷம் என்று பார்க்க வந்த ஜெர்மன் பெடியளும் பெட்டைகளும் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாவது பாட்டு நல்ல சூட்டில் ஏறியபோது சிவம் என் முதுகில் தட்டினான்.

"எழும்புங்கோ அண்ணை. மூத்த ஆள் நீங்கள்தான் போர்த்தோணும்."

"பாட்டு முடியட்டுமடா."

"முடிஞ்சாப்பிறகு ஆர் பாக்கிறது?"

ஏறினேன். பொன்னாடைக்கு விடுதியின் மஞ்சள் யன்னல் சீலை. அதைப் போர்த்திய உடனே நீல்ஸ் மரியாதையாக இரண்டு கையையும் சிந்தசைசர்க் கட்டைகளிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். சிந்தசைசர் நின்றது. பாட்டு நின்றது. பின்னால் கொம்பனிக்காரர் தன் கோட்டைக் கையில் எடுத்தார்.

பிர்கிட் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தபடியே பேஸை விடாமல் வாசித்தார். மெஷினும் அவரும்தான். சிவம் கைதட்டத் தொடங்கினான், பிறகு நாங்கள் எல்லோரும், பிறகு மண்டபம் முழுவதும். சீலையை உதறிவிட்டு நீல்ஸ் மறுபடி கட்டைகளில் கை வைத்தபோது கதிரையில் ஒருவரும் இல்லை. கொம்பனிக்காரரும் ஆடினார். கோட்டை எங்கே போட்டார் என்று பிறகு அவரோடு சேர்ந்து நாங்களும் தேடினோம்.

"பாட்டை நான் கெடுத்துவிட்டேன்" என்று நீல்ஸ் தலையில் கை வைத்திருந்தார். பிர்கிட் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "உன் கைதான் நின்றது. அவர்களுடைய கால் நிற்கவில்லை."

அதன்பின் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. ரேடியோ, தொலைக்காட்சி, பிராங்பேர்ட்டில் பெரிய மண்டபம். நகர எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லாததால், விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதே பாட்டின் நடுவில் நீல்ஸ் கையை எடுத்துக் கும்பிட்டார். மண்டபம் நிறைந்த ஜெர்மன்காரரும் திருப்பிக் கும்பிட்டார்கள்.

"டென்மார்க்கிலை அப்பிடித்தானாக்கும் எண்டு நினைக்கிறாங்கள்" என்றான் சிவம். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

சில வருடங்களில் சனத்தின் ரசனை மாறியது. பேர்லின் சுவர் விழுந்த வருடம் குழுவும் கலைந்தது. பிர்கிட் ஊரில் பஸ் ஓட்டப் போனார். ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தபோது, கவலை இல்லையா என்று கேட்டேன். "முன்பு சனம் எனக்கு முன்னால் நின்றது, இப்போது பின்னால் நிற்கிறது. ஆள்கள் குறையவில்லை" என்றார்.

முன்பு அந்தப் பாட்டை முதன்முதலாக இசைத்தட்டாக்கியபோது, இடையில் வரும் கைதட்டு நாங்கள் தட்டியதாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பிர்கிட். நாங்கள் ஹம்பேர்க்குக்குப் போக ஏலாது என்றதும், ஒலிப்பதிவு மெஷினோடும் அதை இயக்குகிறவரோடும் எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார். எல்லோரும் ஒன்றாகத் தட்டினோம். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தினேன். என்னை வெளியே நிற்கச் சொல்லலாம் என்றார் மெஷின்காரர். பிர்கிட் மறுத்துவிட்டார். "அந்த ஒரு தட்டால்தான் இது மனிதர்களுடையது என்று தெரிகிறது" என்றார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். சிந்தசைசர் நிற்கும், பிர்கிட்டின் பேஸ் தனியே நடக்கும், எல்லோரும் தட்டுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு தட்டு தனியாக விழும். பிர்கிட் எனக்கு விட்டுவைத்த இடம் அது.