செருப்பு என்னுடையது, ஃபைல் யாருடையது?

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ கேட்டுப் பாருங்கள், காலைப் பார்த்த மாத்திரத்தில் செருப்புக்கு அளவு அட்டை வெட்டுகிற ஆள் யார் என்று. என்னைத்தான் காட்டுவார்கள். ஷூ கம்பெனியில் பிசிறு நூல் கத்தரிக்கச் சேர்ந்தவன், இன்று சொந்த யூனிட் நடத்துகிறேன். பீத்திக்கொள்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். உழைத்தவன் பீத்திக்கொள்ளாமல் வேறு யார் பீத்திக்கொள்வது?

மூன்று பட்டை வைத்த பெண்கள் செருப்பு ஒன்று செய்தேன். நடுப்பட்டை மற்ற இரண்டுக்கும் அடியில் நுழைந்து மேலே வரும். விரல் மேல் ஒரு தையல்கூடப் படாது. பெங்களூர் கடைக்காரர் ஒருவர் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார். எல்லா சைஸிலும் கேட்டார். ஒரு சைஸின் அட்டையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மற்ற சைஸ்களை அதுவே போட்டுத் தருகிற காலம் இது. பைபாஸ் ரோட்டில் அந்த வேலைக்குக் கடை வைத்திருந்த ஒருவனிடம் கொடுத்தேன். முடிந்ததும் அட்டைகளைச் சரிபார்த்து வாங்கினேன். ஃபைல் இருந்த பென்டிரைவையும் வாங்கி வீட்டு பீரோவில் பூட்டினேன். எங்கள் தொழிலில் அட்டை யார் கையிலோ டிசைனும் அவர் கையில். அந்தக் கணக்கில் நிம்மதியாக இருந்தேன்.

பக்கிள் வாங்க வேலூர் லாங் பஜார் போனபோது என் செருப்பு ஒரு கடை வாசலில் தொங்கியது. பாதி விலை. ஒரு ஜோடி வாங்கி, அங்கேயே நின்று பட்டையைப் பிய்த்தேன்.

"பெரியவரே, காசு குடுத்து வாங்கி இன்னாத்துக்குப் பிக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

பட்டையின் மடிப்புக்குள் ஒரு சின்ன வெட்டு இருந்தது. இடது வலது மாறிப்போகாமலிருக்க என் யூனிட்டில் தைக்கிற பெண்களுக்காக நான் அட்டையில் வைத்த அடையாளம் அது. வெளியே தெரியாது. செருப்பைப் பார்த்துக் காப்பி அடித்திருந்தால் அது வந்திருக்காது. என் ஃபைலே போயிருக்கிறது.

தீபாவளி ஆர்டர் கொடுக்கப் பெங்களூர்க்காரர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. இது அவர் கண்ணில் பட்டால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் என் மெஷின்கள் தீபாவளி வரை சும்மா நிற்கும். நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"அட்டைதான் மொதலாளி உங்களுது. ஃபைல் என்னுது. கண்ணு எரிய உக்காந்து ஒவ்வொரு புள்ளியும் நான் வெச்சது" என்றான்.

"வூட்டுக்கு வெள்ளை அடிச்சவன், வூடே என்னுதுன்னு சொல்லுவானா?"

"நீங்க மட்டும் இன்னா, வானத்துல இருந்தா கொண்டாந்தீங்க? கம்பெனி மாடலைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதானே!"

"ஆமாண்டா, பாத்தேன். பாத்து, வெட்டி, தோலை வீணாக்கி, திட்டு வாங்கிக் கத்துக்கிட்டேன். நீ இன்னா பண்ண? பட்டனை அமுக்குன."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கிருந்தால் அடித்துவிடுவேன் என்று பயந்தே வெளியே வந்தேன்.

மறுநாள் வேலூரில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன்.

"ஐயா, டிசைனைப் பதிவு பண்ணீங்களா?"

"இல்லம்மா. ஆனா என் டிசைன்னு ஊருக்கே தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டேனே."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதான் வம்பு. வெளியில காட்டிட்ட டிசைனைப் புதுசுன்னு பதிவு பண்ண முடியாது. பதிவு பண்ணாம அம்பது உருப்படிக்கு மேல செஞ்சிட்டா காப்பிரைட்டும் நிக்காது. நம்பிக் குடுத்ததை வித்துட்டான்னு வேணா கேஸ் போடலாம். எழுத்துல எதுவும் வாங்குனீங்களா?"

"வாய்ப்பேச்சுதான்."

"அப்போ இழுக்கும் ஐயா. தீர்ப்பு வர்றப்போ அந்தச் செருப்பை யாரும் போட மாட்டாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். அவனிடம் அட்டை கொடுக்கிற ஒவ்வொருவரும் என்னைப் போலத்தான், வாய்ப்பேச்சை நம்பிக் கொடுக்கிறார்கள்.

அடுத்த நாள் அவன் கடை திறந்ததும் உள்ளே போய், கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மடியில் ஒரே மாடலில் இரண்டு செருப்பு: ஒன்று என்னுடையது, ஒன்று பஜாரில் வாங்கியது.

"இன்னா மொதலாளி, எதுனா வேலையா?"

"இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

சத்தம் போடவில்லை, ஒருவரிடமும் புகார் சொல்லவில்லை. அட்டைச் சுருளோடு வந்தவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள், மடியைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் சுருளைப் பிரிக்காமலே, "அப்புறம் வர்றேன்" என்று படியிறங்கினார். மத்தியானத்துக்குள் இன்னொருவரும் அப்படியே போனார். அவன் மௌஸைப் பிடித்த கை அசையவேயில்லை.

"என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க" என்றான்.

"யாருக்குடா வித்த? போனைப் போடு."

ஸ்பீக்கரில் போட்டான். வாங்கியவர் சின்ன யூனிட்காரர். "காசு குடுத்து வாங்குன ஃபைலுங்க, உங்க மாடல்னு சத்தியமா தெரியாது" என்றார். ஏற்கெனவே வெட்டிய தோலை மட்டும் தைத்துக்கொள்வதாகவும், லாங் பஜாரைத் தாண்டி அனுப்புவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார். வெட்டிய தோலை வீணாக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கண்ணெதிரே அவன் ஃபைலை அழித்தான். வேறு எங்கே வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்?

பெங்களூர்க்காரர் வந்தபோது நானே இரண்டு செருப்பையும் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். இரண்டையும் வளைத்துப் பார்த்தார்.

"உங்களுதுதான் நல்லா இருக்கு, சந்தேகமில்ல. நாளைக்கு இன்னொருத்தன் இதையே கொண்டாந்தா?"

"அவன் கடையிலயும் போய் உக்காருவேன்."

அவர் சிரிக்கவில்லை. போன தடவை கொடுத்ததில் பாதிக்குத்தான் ஆர்டர் கொடுத்தார். பாதி மெஷின்கள் ஓடின.