ஜீப்பைத் தவறவிட்ட ஐந்து வீடுகள்

எங்கள் ஊர்ச் சூரியனுக்குக் கார்த்திகை மாதத்தில் நாலரை மணிக்கே வேலை முடிந்துவிடும். கூடலூருக்கு மேற்கே மலை. சித்திரை வைகாசியில் போக மனசில்லாமல் நின்று காய்கிற அதே சூரியன், ஐப்பசி பாதி தாண்டியதும் பள்ளிக்கூட மணி அடித்த கையோடு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். அதன் பிறகு வானத்தில் கொஞ்ச நேரம் வெளிச்சம் கிடக்கும், தெருவில் இருக்காது. "நம்ம பொழுத மலையாளத்துக்காரக வாங்கி வச்சுக்கிர்றாக" என்பாள் பெரியம்மா. அதை நான் நான்காம் வகுப்பு வரைக்கும் நம்பினேன்.

பொழுது குறையக் குறைய எனக்குத் தூக்கம் கூடும். சும்மா கொட்டாவி விடுகிற தூக்கமில்லை, கை காலெல்லாம் கழன்றுபோகிற தூக்கம். ஆடி மாதத்தில் தெருவையே ரெண்டாக்குகிற பிள்ளை, கார்த்திகையில் பாவாடை நாடா கட்டவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வருகிறபோது பாதியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாத்தியார் அடிக்கக்கூட மாட்டார், அவருக்கும் தூக்கம்தான். சாயங்காலம் பெரியம்மா வீட்டுக் கோழிகள் அடையும்போது நானும் அவள் மடியில் அடைந்துவிடுவேன். "கோழிக்காச்சும் கூடை போட்டுக் கவுக்கணும், இவளுக்கு அதுவும் வேணாம்" என்று அவள் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா பகலில் வீட்டில் கிடையாது. எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுப் பெண்கள் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனார்கள். விடியுமுன் நாலு மணிக்கு ஊர்ப் பொதுத் திடலான மந்தையில், ஆள் கூட்டிப்போகிற கங்காணியோடு ஜீப் வந்து நிற்கும்; ஹாரன் அடித்தும் வராதவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். குமுளி ஏறி, அங்கிருந்து இன்னும் உள்ளே போய், நாள் முழுக்கச் செடி மூட்டில் குத்தவைத்து, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அட்டைக்கடியோடு காய் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகு அதே ஜீப்பில் இறங்குவார்கள். காய் முற்றிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அப்பா இன்னும் மேலே, தோட்டத்திலேயே தங்கிக் காய் உலர்த்துகிற வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு நாள் இருந்துவிட்டுப் போவார்.

ஆக, நான் எழுந்திருக்கும்போது அம்மா இருக்க மாட்டாள். அம்மா வரும்போது நான் இருக்க மாட்டேன், தூங்கிப்போயிருப்பேன். என்னைப் பெரியம்மா வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, உட்கார்த்திவைத்துச் சோறு ஊட்டுவாளாம். நானும் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொள்வேனாம். எனக்கு ஒன்றுமே ஞாபகமிருக்காது. காலையில் பெரியம்மாவிடம் போய், "நேத்து ராத்திரி எனக்கு யாரும் சோறே போடல" என்று அழுவேன். முதல் தடவை பெரியம்மா பதறிப்போய் அம்மாவோடு சண்டை பிடித்தாளாம். அப்புறம் அவளுக்கும் பழகிவிட்டது.

ஐப்பசி பிறந்ததிலிருந்து நான் அம்மாவின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. இது பெரிய விஷயமென்று அப்போது யாரும் நினைக்கவில்லை, தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். ஆனால் எனக்கு ஏக்கமாக இருந்தது. ஒரு நாள் பிடிவாதமாக, கண்ணில் தண்ணீரை அடித்து அடித்து, அம்மா வரும்வரை முழித்திருந்தேன். வந்தாள். சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகக்கூடத் தெரியவில்லை. பேச ஆசையாகக் கிட்டே போய் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்தாள். அந்தக் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பெரிய தூங்குமூஞ்சி ஒருத்தி வீட்டில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு ரெண்டு நாள் கழித்து, அம்மா பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது அரைத்தூக்கத்தில் என் காதில் விழுந்தது. "நேத்தும் நாந்தான்க்கா கடைசியாப் போயி ஏறுனேன். ஒடம்பு எந்திரிக்கவே மாட்டேங்குது. இன்னொரு தடவ தாமசமானா வேற ஆள ஏத்திக்கிருவேன்னு கங்காணி சொல்லிட்டாக." அம்மாவின் குரலில் பயம் இருந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வேற ஆள் போனால் அம்மா வீட்டில் இருப்பாள் அல்லவா? இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஏன் இந்தக் குரலில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

எங்கள் தெருப் பெண்கள் எழுந்திருக்க ஒரு ஏற்பாடு இருந்தது. ஒன்பது வீட்டில் முதல் வீட்டில் மட்டும்தான் அலாரக் கடிகாரம். அந்த வீட்டுக்காரி எழுந்து ரெண்டாம் வீட்டுக் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து "முழிச்சாச்சு" என்று சத்தம் வந்ததும் திரும்பிப்போய்ச் சோறு கட்டுவாள். ரெண்டாம் வீட்டுக்காரி மூன்றாம் வீட்டைத் தட்டுவாள். இப்படியே போய் ஒன்பதாம் வீட்டில் முடியும். எங்களுடையது ஐந்தாம் வீடு. எங்களை எழுப்புவது நாலாம் வீட்டு அத்தை. அம்மா போய் ஆறாம் வீட்டைத் தட்ட வேண்டும். "முழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டால் அடுத்த வீடு உன் பொறுப்பு. இதில் ஒருநாளும் பிசகு வந்ததில்லை.

கங்காணி பேச்சை நான் கேட்ட அதே வாரத்தில் ஒரு நாள், அடைமழை. முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே சாய்ந்துவிட்ட எனக்கு விடியுமுன் முழிப்பு வந்துவிட்டது. விளக்கு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா, கன்னத்துக்குக் கையை வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கதவு தட்டுகிற சத்தம். "மதினி, நேரமாச்சு!"

திட்டம் எல்லாம் போடவில்லை, சத்தியமாக. எழுந்து கதவடிக்குப் போனேன். "அம்மா முழிச்சிருச்சு அத்தே" என்றேன். "சரித்தா" என்று அத்தை மழையில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பி வந்து அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். ஆறாம் வீட்டை யார் தட்டுவது என்கிற யோசனை என் மண்டைக்குள் வரவே இல்லை. ஹாரன் சத்தம்கூட மழையில் எங்கோ தூரத்தில் யாருக்கோ அடிக்கிற மாதிரித்தான் கேட்டது.

தெரு எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. முதலில் ஒன்பதாம் வீட்டுக்காரிதான் அவிழ்ந்த கூந்தலோடு ஓடி வந்தாள். எட்டாம் வீட்டுக் கதவை உதைக்காத குறை. எட்டு ஏழைக் கேட்டது, ஏழு ஆறைக் கேட்டது, ஆறு வந்து எங்கள் வாசலில் நின்றது. "ஏன் மதினி, ஒங்களுக்கு என்னதான் வந்துச்சு? அஞ்சு வீட்டு அடுப்புல மண்ண அள்ளிப் போட்டீகளே!" அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "அயந்துட்டேன்டி" என்று மட்டும் சொன்னாள். நான் அவள் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலாம் வீட்டு அத்தை ஜீப்பில் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வருவாள். வந்ததும், கதவுக்குப் பின்னாலிருந்து யார் பேசியது என்று சொல்லிவிடுவாள்.

பள்ளிக்கூடம் போகவில்லை, வயிற்றுவலி என்று சொன்னேன், உண்மையிலேயே வலித்தது.

ஆனாலும் அந்த நாளைப் போல ஒரு நாள் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. பத்து மணிக்கு மழை விட்டு வெயில் வந்தது. தெருவில் சண்டை ஓய்ந்து, போனது போச்சு என்று ஒவ்வொருத்தியாகத் துணியை அலசிக் காயப்போட்டார்கள். அம்மா வெந்நீர் வைத்துக் குளித்தாள். அவள் காலில் அட்டை கடித்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாக இருந்தது, எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. என் தலையைச் சீவிவிட்டாள். ஒரு சடை போட முக்கால் மணி நேரம் ஆனது, அவ்வளவு மெதுவாக. நடுநடுவே சீப்பு நின்றுவிடும். நான் "எம்மா" என்பேன். திரும்ப நகரும்.

அதற்குப் பிறகு விளையாடலாம், கதை கேட்கலாம் என்று என்னென்னவோ ஆசை வைத்திருந்தேன். அம்மா கொல்லையில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் பாயைப் போட்டாள். படுத்தாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதற்கா நான் இத்தனை பெரிய பொய் சொன்னேன்? முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் நகர்ந்து அவள் கால்பக்கம் நிழல் வந்தது. மனசு கேட்கவில்லை, எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே எழுந்து நின்றாள், நான் பாயை வெயிலுக்கு இழுத்துப் போட்டேன், திரும்பப் படுத்தாள். இப்படி நாலைந்து தடவை. கொல்லையின் இந்த மூலையில் ஆரம்பித்து அந்த மூலை வரைக்கும் வெயிலுக்குப் பின்னாலேயே பாயை இழுத்துக்கொண்டு போனேன். முகம் முழுக்க வெளிச்சம் விழுந்து கிடந்தாள். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருப்பதை மறந்தே போயிருந்தேன். நாலரைக்கு மலை நிழல் வந்து பாயை மொத்தமாக மூடியது. மூலையும் இல்லை, வெயிலும் இல்லை.

இருட்டியதும் ஐந்து வீட்டுக்காரிகளும் மந்தைக்குப் போனார்கள். அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஜீப் வந்தது. கங்காணி இறங்குவதற்கு முன்னால் நாலாம் வீட்டு அத்தை இறங்கிவிட்டாள். "நான் தட்டுனேனே மதினி! முழிச்சிருச்சுன்னு ஒங்க புள்ளதான சொன்னா?" எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. ஆறாம் வீட்டுக்காரி கையை ஓங்கியேவிட்டாள்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "புள்ள என்ன செய்யும்? அவ என்னைய எழுப்பத்தான் செஞ்சா. நாந்தான் முழிச்சுக்கிட்டே படுத்துக் கெடந்துட்டேன். எல்லாம் என் தப்பு."

கங்காணி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். மற்ற நாலு பேரும் மறுநாள் வரலாம் என்றார். அம்மாவைப் பார்த்து, "நீ வேணாம்மா. இந்தக் காய்ப்பு முடியட்டும், பொறகு பாப்போம்" என்றார். அம்மா "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். ரெண்டாவது தடவை கூப்பிடவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு அடி விழும், ஒரு கிள்ளு விழும் என்று காத்திருந்தேன், ஒன்றும் விழவில்லை. எனக்காக அம்மா ஊர் முன்னால் பொய் சொல்லிவிட்டாள் என்று நினைத்து நானும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க அம்மா கீழேயே வயல்களில் கிடைத்த வேலைக்குப் போனாள், கிடைக்காத நாளில் வீட்டில் இருந்தாள். ஆறாம் வீட்டுக்காரி பொங்கல் வரைக்கும் பேசவில்லை. எங்கள் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணியாகிக்கொண்டு வந்தது. மழைக்காலம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்தத் தண்ணிக் கஞ்சியை நான் முழித்திருந்து குடித்தேன். கொண்டாட்டமாக இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு விடியுமுன், கதவடியிலிருந்து திரும்பி வந்து நான் படுத்ததும், அம்மாவின் கை வந்து என் முதுகில் விழுந்தது. தட்டிக்கொடுத்தது. மெதுவாக, விட்டுவிட்டு, வெகுநேரம், தூரத்து ஹாரன் சத்தம் நிற்கிறவரைக்கும். பாவம், தூக்கத்தில் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, நானும் ராத்திரியில் தட்டித் தட்டித் தூங்கவைத்த பிறகுதான் தெரிந்தது, நமக்குத் தூக்கம் வந்துவிட்டால் முதலில் நிற்பது அந்தக் கைதான். மந்தையில் அம்மா ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறாள், நான் அவளை எழுப்பினேன் என்று. மற்றதெல்லாம் நிஜம். அது எனக்கு அப்போது தெரியவில்லை.