முகிலனைத் தூங்கவிடாமல் செங்கல்பட்டு வரை

2005 கோடையில் எங்கள் நான்கு வயது மகன் முகிலனை மூளை ஸ்கேனுக்காக அணுபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனோம். நான்கு வருடம் கழித்து இப்போது எழுதுகிறேன். ஆட்டிசமாக இருக்குமோ என்ற பயத்தோடு இதே பாதையில் கிளம்பும் பெற்றோர்களுக்காக.

முகிலன் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டான். விளையாட விட்டு ஒருநாள் கவனித்துப் பார்க்க வேண்டும், பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது என்று குழந்தைகள் மருத்துவர் சொல்லியிருந்தார். என் கணவர் ரவிதான் பிடிகொடுக்கவில்லை. குழாய் வெல்டிங்குகளை எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டரில் விரிசல் தேடுவது அவர் வேலை. படத்தில் தெரியாத குறையைக் குறையாகவே ஒத்துக்கொள்ளமாட்டார். சாம்பாரில் உப்பில்லை என்றாலும் ஆதாரம் கேட்கிற ரகம். மூளைப் படங்களைக் கம்ப்யூட்டரால் அலசி ஆட்டிசத்தைக் கண்டறிய முடியுமா என்று செங்கல்பட்டில் ஓர் ஆராய்ச்சி நடப்பது தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டார். அதுவரை பயிற்சியும் வேண்டாம், அந்த வார்த்தையே வீட்டில் வேண்டாம் என்றார். மாதங்கள் வீணாகின்றனவே என்று எனக்கு அவர்மேல் கோபம்.

ஸ்கேனின்போது குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதனால் வழியில் தூங்கவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலையிலேயே எழுப்பி, ஏழு மணிக்கு வாடகைக் கார் ஓட்டும் ஏழுமலையின் இண்டிகாவில் ஏறினோம். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்; அப்போது ஒரு மணி நேரம் ஆகும். குறுகலான சாலை, இரண்டு பக்கமும் புளியமரம், ஏரிகளிலிருந்து வரும் ஜில்லென்ற காற்று. அந்தக் காற்றுதான் எங்களுக்கு எதிரி.

"மேடம், கொயந்த கண்ண மூடிகினு கீது பாருங்க!" என்று ஏழுமலை கண்ணாடியைப் பார்த்துக் கத்துவார். நான் ஈரத்துண்டால் முகம் துடைப்பேன். திருக்கழுக்குன்றத்தில் அவராகவே வண்டியை நிறுத்தினார்.

"அந்தாண்ட கரும்பு ஜூஸ் மிஷினு ஓடிகினு கீது. சக்கரம் சுத்துறத பாக்கட்டும் சார்."

முகிலன் தூக்கம் மறந்து சக்கரத்தின் முன் நின்றான். டம்ளரை நீட்டிய கடைக்காரரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தூக்கியபோது தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினான்.

"டாக்டர் பார்க்கணும்னு சொன்னது இதைத்தாங்க," என்றேன்.

"முதல்ல படம் வரட்டும் கலா," என்றார் ரவி.

செங்கல்பட்டில் மயக்க மருந்து கொடுத்ததும் முகிலன் தூங்கிவிட்டான். ஸ்கேன் முடிந்து திரையில் படம் வந்ததும், ரவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆபீஸில் பார்ப்பதுபோல மூலை மூலையாகத் தேடினார். "எந்த இடத்துல மேடம்?" என்று ஆராய்ச்சி மருத்துவரிடம் கேட்டார்.

"அப்படி ஓர் இடம்னு காட்ட முடியாது சார். நிறைய குழந்தைங்களோட படங்களை வெச்சு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னுதான் சொல்லும். இன்னும் ஆராய்ச்சிதான். இதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பையனைப் பார்த்துத்தான் சொல்லணும்."

"படம் நல்லா இருந்தா?"

"எப்படி இருந்தாலும் பையனைப் பார்க்கணும் சார்."

ரவி எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, பாவமாகத்தான் இருந்தது.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாற்றுத்துணியும் குழந்தைக்குப் பிடித்த தின்பண்டமும் எடுத்துப் போங்கள். மயக்கம் தெளியும்போது வாந்தி வரலாம். ஸ்கேனுக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். சாலை இப்போது அகலமாகிவிட்டது, புளியமரங்கள் பாதி இல்லை. முகிலனும் என் மடியில் கொள்ளமாட்டான். அந்தப் பழைய இண்டிகாவில் இன்னொரு முறை அவனை மடியில் போட்டுக்கொண்டு போக மனசு அடித்துக்கொள்கிறது.

அன்று திரும்பும் வழியில் ஏழுமலை கேட்டார்: "மிஷினு இன்னா சார் சொல்லிச்சு?"

முன்சீட்டிலிருந்து ரவிதான் பேசினார்.

"மிஷின் ஒண்ணும் சொல்லல ஏழுமலை. பையனுக்கு ஆட்டிசம் இருக்கு. எனக்கே தெரியுது. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போகணும், வண்டி எடுத்துட்டு வந்துடுங்க."